அவனுக்குள் இருக்கும் என்னுடையது

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததை உன் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் சொல்ல உனக்கு நேரமில்லை போலிருக்கிறது.

அவன் புதுப் பட்டறையின் திறப்பு விழாப் படங்கள் வந்தன. ஒன்றே ஒன்றில் நான் இருக்கிறேன், அதுவும் பாதி முகம். மற்றதிலெல்லாம் நீ. கத்தரிக்கோலை உன் கையில் கொடுத்துவிட்டு அவன் சிரிக்கிறானே, அப்படி என்னைப் பார்த்துச் சிரித்து இரண்டு வருஷமாகிறது. என் சிறுநீரகத்தை எடுத்து அவனுக்கு வைத்தும் அதே இரண்டு வருஷம்தான். மைக்கில் டாக்டருக்கு நன்றி சொன்னான், மின் இணைப்புக் கொடுத்தவருக்குக்கூடச் சொன்னான். நான் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு வயிறு எரிகிறது. உன்னிடம் மறைப்பானேன்? "செய்யறதோட நம்ம கடமை முடிஞ்சுது அக்கா, பலனை எதிர்பார்க்கக் கூடாது" என்று முன்பு ஒருமுறை போனில் சொன்னாய். பலனெல்லாம் யார் மடியில் விழுகிறதோ, அவர்களுக்கு இந்த வேதாந்தம் இனிக்கத்தான் செய்யும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அண்ணனிடமே கேட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா வந்தா என் முகத்தைப் பாக்கறதில்லம்மா, வயித்தைத்தான் பாக்குது. தண்ணி குடிச்சியா, மாத்திரை போட்டியா, அது என்னோடது, பத்திரம்னு ஒரே பேச்சு. எனக்குக் குடுத்த மாதிரியே இல்ல, வாடகைக்கு விட்ட மாதிரி இருக்கு."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உனக்கு முன்னால் எனக்குத்தான் பரிசோதனை செய்தார்கள். பொருந்தவில்லை என்று வீட்டில் சொன்னது பொய். பொருந்தியது. நான்தான் பயந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதேன். "அழாத, சேரலைன்னு நானே சொல்லிக்கறேன்" என்றார் அண்ணன். இன்றுவரை ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை.

அன்று திறப்பு விழாவில் நாடாவை வெட்டியது உன் கையாக இருந்திருக்க வேண்டும். உன் விலாவில் இருக்கும் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயே கிடையாது.

உன் தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

இத்தனை நாள் பதில் எழுதக் கை வரவில்லை. நீ பயந்ததில் எனக்குக் கோபமில்லை, நானும்தான் பயந்தேன். உனக்காக அவன் பொய் சொன்னான் பார், அதுதான் சுட்டது. எனக்காக எப்போதாவது சொல்லியிருக்கிறானா என்று யோசித்தேன். இதிலும் பொறாமை, என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். வாசலிலேயே "தண்ணி" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "இது என்ன மிஷின்டா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் நம்பாமல் பார்த்தான். பிறகு திருகாணிக்கு மரை போடுவது எப்படி என்று அரை மணி நேரம் சொன்னான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் நன்றாகச் சதை பிடித்திருக்கிறது.

கிளம்பும்போது, "உனக்கு அந்தப் பக்கம் இன்னும் வலிக்குதாக்கா?" என்றான். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. கேட்க நான் இடம் கொடுத்திருந்தால்தானே.

"குனிஞ்சா கொஞ்சம்" என்றேன்.

உன் பரிசோதனை விஷயத்தை அவனிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். எனக்குத் தெரியும் என்று நீயும் சொல்லிவிடாதே. அவன் உனக்குக் கொடுத்தது, கொடுத்தபடியே இருக்கட்டும்.

அக்கா