துளிக்குள் இருந்த அமிலம்

2006 ஆகஸ்ட் 26, சனி

காற்றே இல்லை. ஆய்வகத்தில் காலை பத்துக்கே வேர்வை. கரன்ட் இரண்டு முறை போனது. சோதனை பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து.

வாங்க வேண்டியது: வடிதாள். தலைவலி மாத்திரை. அக்காவுக்குத் தேங்காய் எண்ணெய் (பட்டாசுக்குத் திரி சொருகிச் சொருகி விரல் நுனியெல்லாம் வெடிப்பு).

நான்கு வருடமாக ஓட்டிய சோப்புப் பாட்டில் காலி. சோப்பு என்று அக்காவுக்காக வைத்த பெயர். மெழுகு மாதிரி ஒரு ரசாயனம், அவ்வளவுதான். புதுப் பாட்டில் வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு அளவீடு. பிறகு தீசிஸ். கடைசி நாள் செப். 29. பிஎச்.டி. முடித்தால் விரிவுரையாளர் வேலை நிரந்தரம் என்று கல்லூரி முதல்வர் வாய்வார்த்தை. நிரந்தரமானால் அக்கா பட்டாசுக் கம்பெனிக்குப் போக வேண்டாம். இரண்டு பேரும் இந்த ஒரு நினைப்பில்தான் ஓடுகிறோம்.

ஆக. 29, செவ்வாய்

வெயில். 8.10 பஸ் வரவில்லை. விருதுநகர் வரை நின்றுகொண்டே.

புதுப் பாட்டிலில் எல்லாம் தலைகீழ்.

எனக்கே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன். எண்ணெய்க்குள் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் சோப்பு ஒரு தோல் மாதிரி. துளிக்குள் டிஎன்ஏ. சூடேற்றினால் அதன் இரண்டு இழைகளும் ஒரு கட்டத்தில் பிரியும். துளி சிறிதாகச் சிறிதாகச் சீக்கிரம் பிரிகிறது. இட நெருக்கடி டிஎன்ஏவைப் பலவீனமாக்குகிறது. என் தீசிஸ் இவ்வளவுதான். ஐந்து அத்தியாயம்.

இன்று சிறு துளியில்தான் தாமதமாகப் பிரிந்தது. மறுபடி செய்தேன். அதேதான்.

ஆக. 31, வியாழன்

பழைய பாட்டிலின் அடியைச் சுரண்டி, ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்து, அமிலம் காட்டும் பிஎச் தாளை நனைத்தேன். சிவந்துவிட்டது. புதியதில் நிறம் மாறவில்லை.

ஸ்டோர் ரூம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நான்கு கோடை. சோப்பு சிதைந்து அமிலமாகியிருக்கிறது. சிறு துளியில் தண்ணீர் கொஞ்சம், சோப்பு அதிகம். அதனால் அமிலமும் அதிகம். டிஎன்ஏவைப் பிரித்தது நெருக்கடி இல்லை, புளிப்பு. அமிலத்தைச் சமன்செய்யப் பஃபர் போட்டிருக்கிறோமே, போதும் என்று இருந்துவிட்டேன். ஒரு முறை தாளை நனைத்துப் பார்த்திருக்கலாம்.

வெளிநாட்டுக் கட்டுரைகள் எல்லாம் துளிக்குள் டிஎன்ஏ உறுதியாகிறது என்றுதான் சொல்கின்றன. ‘எங்கள் முடிவு புதியது’ என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன்.

செப். 2, சனி

பழைய பாட்டிலில் சுரண்டிய மிச்சத்தை மெத்தனாலில் கரைத்து, அமிலம் போகக் கரித்தூள் போட்டு, வடித்து, உலர்த்தி, ஒரே ஒரு சோதனைக்குத் தேறியது. புதுப் பாட்டிலின் முடிவேதான். இவ்வளவு சுத்தமான வளைகோட்டை நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் மதியம் சாப்பிட முடியவில்லை.

செப். 9, சனி

மதுரை. என் பிஎச்.டி. கைடு வீடு. வளைகோடுகளை அவர் முன் பரப்பினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பழைய டேட்டா நீங்க எடுத்ததுதானம்மா? இட்டுக்கட்டலியே?”

“இல்ல சார். ஆனா தப்புன்னு இப்பத் தெரியுதே.”

“தெரிஞ்சது உங்களுக்கும் எனக்கும். இந்த மாசத்தோட நான் ரிட்டையர்டு. இந்தத் தேதிய விட்டா வேற கைடு, புதுசா பதியணும், இன்னும் நாலு வருஷம். காலேஜ்ல அதுவரைக்கும் வச்சிருப்பாங்களா?”

அவரே காபி போட்டுக் கொண்டுவந்தார். கெட்டவர் இல்லை.

செப். 10, ஞாயிறு

தீபாவளி சீசன், அக்காவுக்கு ஞாயிறும் வேலை. மதியத்தோடு விட்டார்கள். அக்கா கையைக் கழுவக் கழுவச் சாம்பல் நிறத் தண்ணீர். தீசிஸ் தப்பு என்று சொல்லிவிட்டேன்.

“நீ எழுதுனத நம்பி யாரும் செத்துருவாகளா?”

“அப்படியெல்லாம் இல்லக்கா.”

“அப்பக் குடுத்துரு தாயி.”

“பொய்க்கா அது.”

“எனக்கு மூச்சு இழுக்குது. இன்னும் எம்புட்டு நாளைக்குத் திரி சொருகுவேன்னு நெனைக்க?”

எனக்குச் சோறு போட்டுவிட்டு, அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

செப். 18, திங்கள்

மதியம் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு யூனிட் ஒன்று வெடித்துவிட்டது. கல்லூரிக்கே செய்தி வந்துவிட்டது. எந்த யூனிட் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா இருப்பது நாரணாபுரத்தில், அங்கில்லை என்று தெரியும். தெரிந்தும் பாதி வகுப்பில் கிளம்பி வந்து ரோட்டில் நின்றேன். ஐந்தரைக்குக் கம்பெனி வேனில் இருந்து இறங்கினாள். “இங்கன என்ன செய்யுத?” என்றாள்.

செப். 19, செவ்வாய்

தீசிஸை ஒரு எழுத்தும் மாற்றாமல் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். சிவகாசி. நான்கு பிரதி. அட்டை கருநீலம்.

செப். 29, வெள்ளி

லேசான தூறல். மதுரைக்குக் காலை பஸ். பையில் நான்கு பிரதி, தோள்பட்டை வலி.

பல்கலைக்கழகக் கவுன்டரில் ஒரு படிவம். இதில் உள்ள முடிவுகள் உண்மையென உறுதி கூறுகிறேன், கையொப்பம். எல்லோரும் வாசிக்காமலே போட்டார்கள். நான் வாசித்துவிட்டேன்.

“போட்டுக் குடுங்கம்மா, பின்னால ஆளு நிக்குது,” என்றார் கிளார்க். தள்ளி நின்றேன். அப்புறம் பெஞ்சு. நாலு மணிக்கு ஷட்டரை இறக்கினார்கள். அதுவரை பேனா கையில்தான் இருந்தது.

நேர்மை என்றெல்லாம் எழுத வரவில்லை. கை ஓடவில்லை, அவ்வளவுதான். துளிக்குள் டிஎன்ஏ உறுதியாகத்தான் இருக்கிறது. யாருக்கோ ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா தூங்கியிருந்தாள். எழுப்பவில்லை.

செப். 30, சனி

தீசிஸ் கொடுக்கவில்லை என்று முதல்வரிடம் சொன்னேன். “பார்ப்போம்மா” என்றார். மதியமே புது டைம்டேபிள் ஒட்டிவிட்டார்கள். என் வகுப்புகளுக்கு நேரே வேறு பெயர்.

சாயங்காலம் அக்கா, கம்பெனிக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“குடுத்தியா?”

“குடுக்கலக்கா.”

தேய்ப்பதை நிறுத்தவில்லை. கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல்:

“எங்க கம்பெனியில கெமிக்கல் ஸ்டோருக்குப் படிச்ச ஆளு கேட்டாக. ஆயுத பூச முடிஞ்சு செவ்வாக்கெழம எந்தங்கச்சி வருவான்னு சொல்லட்டா?”

சொல்லு என்றேன்.

“அப்ப இன்னொரு தூக்குச்சட்டி வாங்கணும்,” என்றாள்.