மாமியின் வெள்ளைச் சாரி

வெள்ளிக்கிழமை, இரவு

அடுத்த மாதம் எனக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்குத் துண்டுத் துணிகளை இணைத்து ஒரு போர்வை தைக்கிறேன். மாத்தளையில் வாங்கிய சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணைக் குத்தியது. இடையில் வெள்ளை வேண்டும். நேற்று அலுமாரியின் அடித்தட்டில் ஒரு மெல்லிய வெள்ளைச் சாரி கிடந்தது. யாரிடமும் கேட்காமல் பாதியை வெட்டினேன்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு என் கணவரின் உம்மா, மாமி, வந்து தைத்ததைத் தடவிப் பார்த்தார்.

"இது நான் இத்தாவுல உடுத்த சாரியில்லியா?"

மாமா மௌத்தான பிறகு விதவையாக இத்தா இருந்த மாதங்களில் மாமி உடுத்திய வெள்ளைகளையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். மாமி அறைக்குள் போய்விட்டார். பிறக்கப்போகிற பிள்ளைக்குத் துக்கத் துணியா என்று எனக்கே தோன்றியது. தையலைப் பிரிக்கத் தொடங்கினேன்.

மாமி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கையில் சாரியின் மீதிப் பாதி.

"பிரிக்காத மகள். நாலு மாசம் பத்து நாள் உடுத்தினேன். அதுக்குப் பொறகு அந்தத் தட்டுல கை வெக்கவே மனசு வரல்ல. இந்தா, இதையும் வெட்டு."

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஆசையாக நடுவில் வைத்திருந்த சிவப்பை எடுத்து ஓரத்துக்குத் தள்ளினார். அந்த இடத்தில் வெள்ளையை வைத்தார்.

"இப்பதான் பாக்க நல்லா இரிக்கி."

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் வாதாடியிருப்பேன். இன்று அவர் வைத்த இடத்திலேயே குண்டூசி குத்திவிட்டேன்.