சிப்பாயின் தட்டு

அன்புள்ள தங்கைக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கு நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். ஓய்வு பெற்ற பிறகும் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் விளையாட்டு ஆசிரியைக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது.

எட்டு மாதமாக நான் எழுதவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. உன் மூன்று கடிதங்களும் வந்தன. மூன்றிலும் முதல் இரண்டு வரியில் என்னை விசாரித்துவிட்டு, மீதிப் பக்கம் முழுவதும் சிப்பாயைப் பற்றியே, ஒரு நாயைப் பற்றியே கேட்டிருந்தாய். அதனால் நானும் அவனைப் பற்றியே எழுதுகிறேன்.

அவனுக்குப் பதின்மூன்று வயது முடிந்துவிட்டது. உன் அத்தான் சுட்ட வாத்தை ஏரிக்குள் நீந்திப் போய், ஓர் இறகுகூடக் கசங்காமல் வாயில் கவ்விக் கொண்டுவந்தவன், இப்போது வாசலின் மூன்று படி ஏறுவதற்குள் ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறான். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. இடது கண்ணில் புரை. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, திமிர். எழுந்திருக்கும்போது முனகுகிறான், நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்கிறான். அந்த ரோஷம் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இதெல்லாம் வயது. என் முழங்காலும் படியேறும்போது பேசத்தான் செய்கிறது. ஆனால் அவன் சாப்பிடுவதில்லை. கவலை அதுதான்.

உன் அத்தான் போன பிறகு சமையல்காரம்மாள்தான் அவனுக்குச் சோறு வைத்து வந்தாள். தட்டைத் தூக்கி எறியாத குறையாக வைத்துவிட்டுப் போவாள், வழித்துத் தின்பான். மகளின் பிரசவத்துக்காக அவள் ஊருக்குப் போய் ஒரு வாரமாகிறது. அன்றிலிருந்து நான் வைக்கிறேன். எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. தரையைத் துடைத்து, விரிப்புப் போட்டு, சோற்றையும் எலும்பு நீக்கிய கோழியையும் பிசைந்து தட்டை வைக்கிறேன். எச்சில் ஒழுக முண்டியடித்து வந்தால் கையை உயர்த்துகிறேன். நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் நான் யாரையும் வாய் திறந்து அதட்டியதில்லை. உள்ளங்கையைக் காட்டினால் கல்லூரிப் பிள்ளைகளே பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடுவார்கள். இவனும் உட்காருகிறான். பிறகு “சாப்பிடு” என்று சொல்லிவிட்டு என் நாற்காலிக்குப் போய்விடுகிறேன்.

வாய் வைப்பதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து என்னையே பார்க்கிறான். பின்னங்கால் நடுங்குகிறது, மார்பெல்லாம் எச்சில், இருந்தும் அசைவதில்லை. அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துவிடுவேன். சாப்பாட்டு நேரம் முடிந்தால் மேசை காலி. கான்வென்ட்டில் மதர் நம்மை வளர்த்தது அப்படித்தானே.

இதே நாய், பால்காரர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே நீட்டும் ரொட்டித்துண்டை வாலாட்டி வாங்கித் தின்கிறது. நேற்று அந்த மனிதர் என்னைப் பார்த்து, “பாவம்மா, பசியில இருக்கான் போல” என்கிறார். என் வீட்டு நாய்க்கு நான் சோறு போடுவதில்லை என்று தெருவெல்லாம் பேச இனி என்ன வேண்டும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தான் தட்டை வைத்ததும் ஒரு சீழ்க்கை அடிப்பார்; அதைக் கேட்ட பிறகுதான் சிப்பாய் வாய் வைப்பான். சமையல்காரம்மாளிடம் சீழ்க்கை இல்லாமலே தின்றான். அவளுக்குச் சலுகை, எனக்குச் சட்டம். அந்தச் சீழ்க்கை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். இன்னொருத்தி நீ. நாற்பத்தாறு வருஷம் அவரோடு வாழ்ந்தவள், தன் வீட்டு நாயைச் சாப்பிட வைக்க உன்னிடம் மனுப் போட வேண்டியிருக்கிறது.

கூடத்தில் உள்ள ஏரிக்கரைப் படத்தை இன்றைக்குத் துடைத்தேன். அவர், நீ, நடுவில் குட்டி சிப்பாய். மூவருக்கும் முழங்கால் வரை சேறு, மூவருக்கும் வாயெல்லாம் பல். பார்க்கிறவர்கள் எல்லாரும் நல்ல படம் என்கிறார்கள். எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. காரின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, செருப்பில் சேறு படாமல் உட்கார்ந்தபடி எடுத்தவள் நான்.

சீழ்க்கையை எப்படி அடிப்பது என்று மட்டும் எழுது. சுருக்கமாக இருந்தால் போதும்.

கடவுள் உன் ஓட்டத்துக்குத் துணையிருக்கட்டும்.

உன் அக்கா

*

அன்புள்ள தங்கைக்கு,

உன் பதில் வந்தது. சுருக்கமாக எழுதச் சொன்னேன், நீ நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் “அத்தான் சொல்வார்” என்று ஏழு இடத்தில் வருகிறது. அவர் என்ன சொல்வார் என்பது எனக்கும் ஓரளவு தெரியும்.

நாக்கை மேல்பல்லில் ஒட்டி, ஒரு நீளம், இரண்டு குட்டை. எழுபத்தாறு வயதில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மூன்று நாள் பழகினேன். முதல் நாள் வெறும் காற்று. இரண்டாம் நாள் கொஞ்சம் சத்தம். மூன்றாம் நாள் எதிர்வீட்டுத் தையற்காரி, கழுத்தில் அளவு நாடா தொங்க, வாசலில் வந்து நின்றாள். “என்னம்மா, புதுக் குக்கரா? ரெண்டு நாளா விசில் கேக்குது, வாசனைதான் வரல.” சீழ்க்கையடிக்கிற பெண் குடும்பத்துக்கு ஆகமாட்டாள் என்று மதர் சொன்னபோது நீ அவர் முதுகுக்குப் பின்னாலேயே அடித்தாய். நான் சிரிக்கவில்லை. அப்போது பழகியிருக்கலாம்.

நான்காம் நாள் விரிப்பைப் போட்டு, தட்டை வைத்து, எப்போதும்போல் கையை உயர்த்தி அவனை உட்கார வைத்து, நீ எழுதியபடியே அடித்தேன். நன்றாகவே வந்தது. அவன் காதுமடல்கூட அசையவில்லை. என்னையே பார்த்தான். கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் மடங்கிப் பக்கவாட்டில் சரிந்தான். சரிந்தவன் மறுபடி முன்னங்காலை ஊன்றி உட்காரப் பார்த்தான். என்னால் பார்க்க முடியவில்லை. தட்டை எடுத்துவிட்டேன்.

கால்நடை மருத்துவரை வரவழைத்தேன். இளைஞர், ஆனால் கையைக் கழுவிக்கொண்டுதான் தொட்டார். சிப்பாயின் தலைக்குப் பின்னால் எவர்சில்வர் தாம்பாளத்தைத் தட்டினார். நான் திடுக்கிட்டேன், சிப்பாய்க்கு ஒன்றுமில்லை. காது சுத்தமாகப் போய்விட்டதாம். ஆறேழு மாதமாகவே இருக்குமாம். நான்தான் திமிர் என்று எழுதியிருந்தேன். ஆக, நீயே வந்து அடித்திருந்தாலும் அவன் திரும்பியிருக்கமாட்டான். இது எனக்கு ஓர் ஆறுதல். எழுதிய பிறகு இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும், பொய் இல்லை.

எடையில் நாலு கிலோ குறைந்திருக்கிறான். இருதயமும் களைத்திருக்கிறதாம். இருதயம் கேட்கும் குழாயை மடித்துப் பையில் வைத்தபடி மருத்துவர் சொன்னார்: “அவனே போதும்னு முடிவு பண்ணிட்டான் போலம்மா. நாமதான் ஒத்துக்கணும்.” பட்டினியாய்க் கிடந்து போவதைவிட ஊசி வலிக்காது என்றார். வருகிற வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் அத்தான் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம், என்னிடம் கேட்டதைவிட இவனைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். இப்போது இவனைப் பார்த்தால் அவரிடம் போய்ச் சேர என்னைவிட அவசரமாக இருப்பவன்போல் இருக்கிறது. போகட்டும். அங்கேயும் இவன்தான் முதலில் போவான், அவரும் கதவருகே இவனுக்காகத்தான் நிற்பார். நான் பின்னால் மெதுவாக வருகிறேன்.

உனக்குத் தெரிவிப்பது என் கடமை என்பதால் எழுதினேன். நீ வரவேண்டும் என்பதற்காக அல்ல. அவ்வளவு தூரம் ரயிலில் வந்து ஆவதும் ஒன்றுமில்லை.

அவனுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள். நேரமிருந்தால் எனக்காகவும்.

அக்கா

*

என் அன்புத் தங்கைக்கு,

நேற்று வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை நான் தொலைபேசியை எடுக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஐந்து முறை அடித்தது. நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். யாராயிருந்தாலும் மூன்று மணிக்கு மேல் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன். நீ தையற்காரியைக் கூப்பிட்டது நல்லதாயிற்று. அவள் எண்ணை நீ எப்போது வாங்கினாய் என்று இப்போது கேட்கவில்லை.

கையில் கத்தரிக்கோலோடு ஓடிவந்து கதவை இடித்தாள். திறந்ததும் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. “உங்க தங்கச்சி பேசினாங்கம்மா. உங்க கடுதாசியில இப்பத்தான் கவனிச்சாங்களாம். கையைக் கீழ இறக்கச் சொன்னாங்க.”

எந்தக் கையை என்று கேட்டேன்.

“உள்ளங்கையைக் காட்டினா ‘அசையாதே’ன்னு அர்த்தமாம். வேட்டைக்குப் பழக்கினதாம். கையை இறக்கித் தொடையில ரெண்டு தட்டுத் தட்டுற வரைக்கும் உயிரே போனாலும் அசையமாட்டானாம். சீக்கிரம்மா, நாலு மணிக்குள்ள.”

அவளை அங்கேயே நிற்கவைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். அவசரத்தில் சோறு தரையிலும் சிந்தியது. விரிப்புப் போடவில்லை. அவன் எழுந்து, ஒவ்வொரு காலாகச் சேர்த்துக்கொண்டு வந்தான். பழக்கதோஷம், என் கை தானாக உயர்ந்தது. அவனும் உட்கார்ந்தான். நான் கையை இறக்கினேன். தொடையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

தங்கையே, அவன் தட்டைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் தின்றான். சிந்தியதையும் நக்கினான். பிறகு என் புடவைத் தலைப்பில் வாயைத் துடைத்தான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுப்பிவிட தையற்காரி வேண்டியிருந்தது.

நாலு மணிக்கு மருத்துவர் பையோடு வந்தபோது, மீசையில் சோற்றுப் பருக்கையோடு அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவர் பையைத் திறக்கவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை கொடுக்கச் சொல்லி, மூட்டுக்கும் இருதயத்துக்கும் மாத்திரை எழுதினார். வயது திரும்பாது, சில மாதங்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். சில மாதங்கள் என்பது எங்கள் இருவருக்கும் பெரிய கணக்குத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ கால் முறிந்து எங்கள் வீட்டில் நாலு மாதம் இருந்தபோது, நீயும் அவரும் கொல்லையில் இவனைப் பழக்குவதை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு நீ கை காட்டுவாய், அவர் சிரிப்பார். என் வயிறு எரியும். ஒருநாள் அவர் ஜன்னலருகே வந்து, “நீயும் வாயேன், மூணே மூணு சைகைதான்” என்று கூப்பிட்டார். நாய்க்குக் கை காட்டிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை என்றேன். அதையும் வாயால் சொல்லவில்லை. கையை உயர்த்திக் காட்டினேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

நேற்றிலிருந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவன் என்னை மட்டும் மதிப்பதில்லை என்று மூன்று வாரமாகப் பொருமிக்கொண்டிருந்தேன். பால்காரரிடம் எதற்கும் காத்திராதவன், சமையல்காரம்மாளை ஒரு பொருட்டாக நினைக்காதவன், நான் சொன்னதைத் தட்டக்கூடாது என்று பசியோடு உட்கார்ந்திருந்திருக்கிறான். கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் செய்தது நான். உன் அத்தானிடமும் எத்தனை முறை அந்தக் கையை உயர்த்தியிருப்பேன். இறக்கினேனா என்று யோசிக்கிறேன். நினைவில்லை.

மூன்று சைகையில் இரண்டு இப்போது தெரிந்துவிட்டன. மூன்றாவது என்ன என்று கடிதத்தில் எழுதாதே. நேரில் காட்டு. கிழக்கு அறை ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறேன். மெத்தையையும் வெயிலில் போட்டாயிற்று. அவனால் காரில் ஏற முடியாது, ஆனால் தையற்காரியும் நானும் பிடித்தால் ஏற்றிவிடலாம். ஏரிக்கரைக்குப் போவோம். இம்முறை நான் காரிலேயே உட்கார்ந்திருக்கமாட்டேன். தண்ணீர்ப் பக்கம் போக உன் பழைய ரப்பர் பூட்ஸைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பெரிது, பஞ்சு வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. நீ வந்ததும் அவன் உன்னைத்தான் முதலில் மோந்து பார்ப்பான், உன் காலடியில்தான் படுப்பான். அது எனக்குத் தெரியும், பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் சோறு நான்தான் வைப்பேன். நீ கூடத்தில் உட்கார்ந்திரு.

சீக்கிரம் வா. அவனுக்கு நாள் அதிகமில்லை என்கிறார் மருத்துவர். என்னைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

நீ பத்திரமாக வந்துசேரக் கர்த்தர் காப்பாராக.

கையை இறக்கிவிட்டுக் காத்திருக்கும்
உன் அக்கா