உப்பிட்டுப் புதைத்த நாய்

டாக்டரே,

சில நாளாக என் கடைவாய்ப் பல் ஒன்று தாடைக்குள் தனியாகப் பட்டாளம் நடத்திக்கொண்டிருக்கிறது. கடல் கடந்து நடக்கிற ஜெர்மனிச் சண்டையெல்லாம் இதன் முன்னால் பிள்ளைகள் கோலி ஆடுவது போல. இன்று காலை என் மனைவி கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்துப் பல்லில் திணித்தாள். வலி போகவில்லை. வாசனை மட்டும் மூக்கில் ஏறி, உச்சந்தலைக்குப் போய், அங்கே படுத்திருந்த உம்மை எழுப்பி உட்கார வைத்துவிட்டது.

ஆகவே, இந்தத் திருநெல்வேலிச் சீமையில் எவரும் நம்பமாட்டாத ஒரு கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீர் ஓதிய வேதப்புத்தகத்தின் மேலும், நான் கும்பிடுகிற நெல்லையப்பர் மேலும், எனக்குச் சோறு போடுகிற கேமராப் பெட்டியின் மேலும் சேர்த்துச் சத்தியம் செய்கிறேன்: ஒருவரும் நம்பமாட்டார்கள். முழுக்க நம்புகிறவன் எவனாவது இருந்தால் அவனைப் பிடித்து எனக்கு மருமகனாக்கிக்கொள்வேன்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி முழுக்கக் கார்பாலிக் நாறும். அதன் பின்னால் உமக்கென்று ஒதுக்கியிருந்த ஓட்டுக் கொட்டகையில் மட்டும் கிராம்பு மணக்கும். ஆட்டு மூளையை அப்பளத்தைவிட மெலிதாகச் சீவித் தைலத்தில் மிதக்கவிட்டிருப்பீர். அதில் ஊறினால்தான் துண்டு கண்ணாடி போலத் தெளிந்து, மைக்ராஸ்கோப்பின் கீழே உள்ளது உள்ளபடி தெரியும் என்பீர். முதல் தடவை வந்தபோது, டாக்டர் வீட்டில் பிரியாணி போலிருக்கிறது என்று நான் தட்டை எட்டிப் பார்த்ததை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்.

நாம் பழகினதே அந்த மூளையால்தான். வண்ணார்பேட்டையில் என் படக்கடைக்குள் ஒரு மத்தியானம் குடையை மடக்கிக்கொண்டு நுழைந்தீர்.

"படக்காரரே, வெள்ளி நைட்ரேட் இருக்கா வே?"

"இருக்கு. நீரு யாரைப் படம் பிடிக்கப் போறீரு?"

"மூளையை."

"யாரு மூளையை?"

"ஆட்டு மூளையைத்தான். உம்ம மூளைன்னா இம்புட்டு மருந்து தேவைப்படாதே."

அன்றிலிருந்து என் விரலும் உம் விரலும் ஒரே கறுப்பு. வெள்ளி பட்ட கறை சோப்புக்கும் போகாது, சீயக்காய்க்கும் போகாது. இரண்டு பேரும் சேர்ந்து கள்ள நோட்டு அடிக்கிறோம் என்று ஒரு போலீஸ்காரர் சந்தேகப்பட்டார் என நான் சொல்லித் திரிந்தேன். அவர் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியின் வெள்ளைக்காரத் துரைசாணியம்மாள் படித்துக் கழித்த வைத்தியப் பத்திரிகைகளை வாங்கி வைத்துக்கொண்டு எனக்குக் கதை சொல்வீர். இத்தாலி தேசத்தில் ஒருவர், தீராத நோயாளிகளைக் கிடத்துகிற ஆஸ்பத்திரியின் அடுக்களையில் உட்கார்ந்து, மூளைத் துண்டை வெள்ளியில் தோய்த்தாராம். காடு போல நெருங்கிக் கிடக்கும் நரம்பணுக்களில் எங்கோ ஒன்று மட்டும் வேரும் கிளையுமாகக் கறுத்து எழுந்ததாம். ஸ்பெயின் தேசத்தில் இன்னொருவர், சித்திரக்காரராக ஆசைப்பட்டு, தகப்பனாருக்குப் பயந்து வைத்தியரானவர், அதே வழியில் போய், அணு ஒவ்வொன்றும் தனித்தனி மரம் என்றாராம். அடுக்களைக்காரரோ, இல்லை, எல்லாம் சேர்ந்து ஒரே வலை என்றார். உலகம் இருவருக்கும் ஒரே பரிசைப் பாதி பாதியாகக் கொடுத்தது. மேடையிலும் அவர்கள் ஒத்துப்போகவில்லை. நான் இதை வண்ணார்பேட்டையில் சொன்னபோது, குடுமியைப் பிடித்து உருண்டார்கள், அந்த நாட்டு ராஜாவே இறங்கி வந்து விலக்கிவிட்டார் என்று என் பங்கையும் சேர்த்துக்கொண்டேன்.

"காடு பூராவும் கறுத்தா ஒண்ணும் விளங்காது வே. ஒத்தை மரம் கறுத்தாத்தான் காடு விளங்கும்" என்பது உம்முடைய வாக்கு.

வெறிநாய் கடித்த ஒருவன் உம் கண் முன்னால், செம்பில் இருந்த தண்ணீரைக் கண்டு அலறிச் செத்தான். அந்த மூளைக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கொட்டகை. கடிபட்டவுடன் நீலகிரி மலைக்குப் போனால் ஊசி உண்டு, பிழைக்கலாம். தண்ணீர்ப் பயம் வந்துவிட்டால் பூலோகத்தில் மருந்து கிடையாது. இதை நீர் சொல்லாத ஆள் இல்லை. கேட்ட ஆள்தான் இல்லை.

மேலப்பாளையத்துத் தறிக்காரர் மைதீன், துணி மூட்டையோடு வண்ணார்பேட்டைக்கு வந்தவரை ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்தது. கடைக்காரர்கள் நாயை அடித்துக் கொன்று ஆற்றோரத்தில் புதைத்துவிட்டார்கள். நீர் ஓடி வந்தபோது பலசரக்குக் கடை அண்ணாச்சி கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் பயமில்ல டாக்டர். ஒரு மூட்டை தூத்துக்குடி உப்பைக் கொட்டிப் புதைச்சிருக்கு. விஷம் பூரா உப்போட கரைஞ்சு மண்ணுக்குள்ள போயிரும். இனிமே அது நாயில்ல, கருவாடு."

வெறிநாய்க்கு உப்பு என்பது நம் ஊரின் ஐந்தாம் வேதம் அல்லவா? மைதீனும் அதையே பிடித்துக்கொண்டார். "உப்புப் போட்டாச்சே டாக்டர். பொறவு எதுக்கு மலைக்கு? நான் காயல்பட்டினம் தாண்டிப் போனதில்ல. தறியில பாவு ஏத்திக் கிடக்கு. அது வெறிநாய்தான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"நாயே சொல்லும். அதுக்கு வாயி கிடையாது, மூளை இருக்கு. அது சொன்னா மலைக்குப் போவீரா?"

"சொன்னாப் போறேன். அல்லா மேல ஆணை."

அவருடைய உயிர் அந்த ஒரு பேச்சில் நின்றது. நாமிருவரும் போய் உப்பைத் தோண்டினோம். தோண்டி எடுத்த நாய் சிங்கத்தின் பருமன் இருந்தது என்றும், கொட்டிக் கிடந்த உப்பில் திருச்செந்தூர்க் கடலையே இன்னொரு தடவை கரிக்க வைக்கலாம் என்றும் பின்னால் நான் சொல்லியிருக்கிறேன். அது நோஞ்சான் நாய். ஒரு காது அறுந்திருந்தது. தச்சரிடம் இரவல் வாங்கிய உளியால் நீர் மண்டையைப் பிளந்தபோது எலும்புச் சில் ஒன்று தெறித்து உம் கட்டைவிரலில் ஏறியது. பிடுங்கிப் போட்டு, கார்பாலிக்கில் கையை முக்கி எடுத்து, வேலையைப் பார்த்தீர்.

மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னீர். நரம்பணுக்களுக்குள்ளே சிவப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள். இத்தாலிக்காரர் வேறொருவர் கண்டுபிடித்த அடையாளம் அது என்றீர். இருந்தால் வெறி, சந்தேகமே இல்லை. குன்றிமணியை யாரோ வெற்றிலையில் மடித்து வைத்தது போல அழகாக இருந்தது. அழகு என்று நான் சொன்னேன். ஆமாம் என்று நீரும் சொன்னீர்.

மைதீன் தம் சொல்லைக் காப்பாற்றினார். ரயிலேறும்போது உம் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வண்டி போன பிறகு நான் கேட்டேன்.

"உம்ம விரலு? நீரும் போகணும்லா?"

"நான் போனா பேதி வார்டை யாரு பாப்பா வே? ஆத்துல இறங்குனவன் பாதிப் பேரு அங்கன படுத்துக் கிடக்கான்."

"அது சரி. விரலுக்கு என்ன வழி?"

விரலைத் தூக்கி எனக்குக் காட்டினீர். வெள்ளிக் கறையில் காயம் எது, கறுப்பு எது என்று தெரியவில்லை. "உப்புல ஊறின நாயி வே அது. ஊறுகாய் கடிச்சு எவனாவது செத்திருக்கானா?"

இரண்டு பேரும் சிரித்தோம். ஜங்ஷனில் நின்ற ஜட்காக் குதிரை மிரளும்படி சிரித்தோம். அண்ணாச்சியின் ஐந்தாம் வேதத்தை அத்தனை வருஷம் கிண்டல் செய்த மனிதர், தமக்கு வேண்டியபோது அதில் ஒரு வசனத்தைக் கடன் வாங்கிக்கொண்டார். மண்டை ஓட்டுக்குள் உப்பு இறங்காது என்பது உமக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வார்டில் வாந்தியும் பேதியுமாகப் பாய் கொள்ளாத கூட்டம். போகாமல் இருக்க உமக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அதை ஊரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது.

பேதி அடங்கியது. மைதீன் ஊசியெல்லாம் போட்டுக்கொண்டு கொஞ்சம் பருத்துத் திரும்பி வந்தார். அதற்கும் பிறகு ஒரு காலையில் குறுக்குத்துறையில் குளிக்கப் போனோம். விரல் இரண்டு நாளாகக் குறுகுறுக்கிறது என்று வழியில் சொல்லிக்கொண்டு வந்தீர். ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீர், கண்ணாடி போல. எப்போதும் வேட்டியோடு பாய்கிறவர், படித்துறையில் நின்றுவிட்டீர்.

"என்ன வே, தண்ணி குளிருதோ?"

"காத்து குத்துது" என்றீர்.

காற்றே இல்லை. நான் ஒரு கை தண்ணீரை அள்ளி உம் மேல் தெளித்தேன், வழக்கமான விளையாட்டு. உமது தொண்டை ஒரு தடவை வெட்டி இழுத்தது. பிறகு நீர் என்னைப் பார்த்தீர். நானும் பார்த்தேன். பக்கத்தில் ஒருவர் உரத்த குரலில் தேவாரம் பாடிக்கொண்டு முங்கி எழுந்துகொண்டிருந்தார்.

"குன்றிமணி கோத்தாச்சு வே" என்றீர், ரொம்பப் பையச் சொன்னீர். "என் வீட்டுக்காரிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீரு உளறிராதேயும்."

நீர் சொல்லவில்லை. அந்த அம்மாள் தானே கண்டுகொண்டார். கண்டுகொண்ட பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நோய் வந்தவர்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அப்படியானால், குடித்துவிட்டால் அந்த நோய் இல்லை அல்லவா? இதுதான் அவருடைய கணக்கு. காற்றுப் பட்டாலே இழுப்பு வருமென்று ஜன்னலையெல்லாம் சாத்தி, விசிறியைக் கூட ஒளித்து வைத்திருந்த அந்த அறைக்குள், முந்தானைக்குள் மறைத்து ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கரண்டியும் கொண்டு வந்தார்.

"ஒரே ஒரு வாய். எனக்காக. வயித்துச் சூட்டுக்குத்தான் இப்படி வருது உங்களுக்கு. ஒரு வாய் குடிச்சிட்டீங்கன்னா இது வெறும் சூடுதான்."

நான் கதவருகே நின்றேன். வேண்டாம் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். நீர் கை காட்டி நிறுத்தினீர்.

அதற்கு முன்பே என்னிடம் ஒரு வேலை சொல்லியிருந்தீர். முடிந்த பிறகு உம் மூளையில் ஒரு துண்டு எடுத்து வெள்ளியில் போட வேண்டும், அதற்குத் தோய்க்கத் தெரிந்தவன் நான்தான் என்று. ஒத்தை மரமாவது கறுக்கும் என்றீர். நடக்கவில்லை, டாக்டரே. பெரிய டாக்டர் கையெழுத்துப் போட மறுத்தார். அந்த அம்மாள், "அவுகளை முழுசாப் புதைங்க" என்று காலில் விழுந்தார். கல்லறைத் தோட்டத்தில் முழுசாகத்தான் புதைத்தோம். கொட்டகைக்கு வந்த புது டாக்டர் உம்முடைய கண்ணாடித் துண்டுகளையெல்லாம் சோடா உப்பில் கழுவி, மலேரியா ரத்தம் பார்க்க எடுத்துக்கொண்டார். சுத்தமான மனிதர். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

மைதீன் இருக்கிறார். போன மாதம்கூட மகள் நிக்காஹ்வுக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார். பந்தலில் யாரோ கடிபட்ட கதையைக் கேட்டதற்கு, "ஹயாத்து கெட்டி, ஆயுசு பலம். அன்னைக்கு அண்ணாச்சி அந்த உப்பைப் போடலைன்னா நான் போயிருப்பேன்" என்றார். உம் பெயரைச் சொல்லாமல் இல்லை. நல்ல மனுஷன் என்றார். இன்றைக்கும் வண்ணார்பேட்டையில் வெறிநாய் அடித்தால் மூட்டை உப்புதான் போகிறது. மலைக்குப் போனவர் அவருக்குப் பின் எவரும் இல்லை. நானும் சொல்லிப் பார்க்கிறேன். நான் சொல்வதை யார் நம்புகிறார்கள்? அதற்குத்தானே இத்தனை வருஷம் பாடுபட்டு ஒரு பெயர் சம்பாதித்து வைத்திருக்கிறேன்.

உம் மகளுக்கு மட்டும் என் வார்த்தை வேதம். அப்பா எப்படிப் போனார் மாமா என்று கேட்பாள். சொல்வேன்: உங்க அப்பா தாமிரபரணியையே குடித்தார். பாபநாசத்தில் வாய் வைத்தார், ஒரே மடக்கு. ஸ்ரீவைகுண்டம் அணையில் மீனெல்லாம் தரையில் துள்ளின. புன்னைக்காயலில் கடல் பயந்து பின்வாங்கியது. கலெக்டர் துரை குதிரையில் வந்து, இந்த வருஷம் கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடும் ஐயா என்று கும்பிட்டார். அவள் சிரிப்பாள். இப்போது வளர்ந்துவிட்டாள், போன வாரம் சிரிக்கவில்லை. "மாமா, இதுல எது நெசம்?" என்று கேட்டாள்.

ஆறு பொய். அணை பொய். கலெக்டர் துரை பொய். அவளுக்குச் சொல்லவில்லை, உமக்குச் சொல்கிறேன்: ஒரு கரண்டி. உம் மனைவி நீட்டிய அந்த ஒரு கரண்டித் தண்ணீரை, கழுத்து நரம்பெல்லாம் கயிறாகப் புடைக்க, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை அவர் முகத்தை விட்டு எடுக்காமல், நீர் விழுங்கினீர். அவர் முழங்காலில் விழுந்து ஸ்தோத்திரம் சொன்னார். அன்று சாயங்காலம் வரை அவருக்கு ஒரு புருஷன் இருந்தார். அந்த மடக்கு இறங்கின சத்தம் என் காதில் இருக்கிறது. அது மட்டும் நிஜம், வே.