ஊறுகாய் பாட்டிலில் வந்த தூசி

பிப்ரவரி 10, செவ்வாய்.

வால்நட்சத்திரத்தின் தூசியை விண்கலம் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவந்ததைப் பற்றிய என் கட்டுரை இன்று வெளியானது. திருவள்ளூரில் மாசுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவர் பாராட்டினார். "கடுகளவு தூசிக்கு எவ்ளோ மெனக்கெட்டிருக்காங்க சார்."

அவர் மேசைக்கு எதிரே, புகார் கொடுக்க வந்திருந்த ரோசி நின்றிருந்தாள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைக்குப் பின்னால் வீடு. கணவனுக்கு இருமல் நிற்பதில்லை. குடத்து மூடியில் படிந்த கரித்தூளை ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள்.

"நாங்க வந்து எடுத்தாதாம்மா செல்லும். கம்பெனிக்கு முன்னாடியே லெட்டர் போட்டுட்டு வருவோம்," என்றார் அதிகாரி.

"நீங்க வர்ற அன்னிக்கு உலைய அணைச்சிட்டு குந்திக்கினு இருப்பானுங்க சார்," என்றாள் ரோசி.

பாட்டிலை அவளிடமே தள்ளினார். மேசை அழுக்காகாமல் பாட்டிலுக்கடியில் அவர் விரித்திருந்தது என் கட்டுரை வந்த தாள். அப்படியிருந்தும், ரோசியின் எதிரிலேயே, பாராட்டுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதை நினைத்தால்தான் அதிகம் அருவருப்பாக இருக்கிறது.