தெளிந்த வாய்க்கால்

பேராவூரணி வழி,
அக்டோபர் 1994

துரைராசு அவர்களுக்கு,

அம்சவல்லி எழுதுவது. உங்கள் பெயரைச் சொல்லி அழைப்பது இதுவே முதல் தடவை. வேறு எப்படி அழைப்பதென்று இன்று தெரியவில்லை.

அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை. நட்ட பயிர்தான் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வருகிறது. கூலிக்கு உழுத மனிதருக்கு உச்சவரம்புச் சட்டத்தில் வந்த நிலம். அதற்காக வாங்கிய அடியின் தழும்பை அவர் முதுகில் பார்த்திருக்கிறீர்கள்.

நேற்று டீக்கடையில் அப்பாவிடம் இறால் பண்ணை மேலாளர் உங்கள் அறிக்கையை விரித்துக் காட்டினாராம். "என்ன அய்யாக்கண்ணு, உன் மாப்பிள்ளையே வாய்க்கா தண்ணி சுத்தம்னு எழுதிக் குடுத்துட்டாரே! அவரு லேசர் வச்சுப் பாத்தாரு. நீ என்னத்த வச்சுப் பாத்தே?" எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

அறிக்கையைப் படித்தேன். பண்ணை வருவதற்கு முன்பு கலங்கல் அதிகம். இப்போது ஒளி சிதறுவதே இல்லை. ஆகவே நீர் கெடவில்லை என்று முடித்திருக்கிறீர்கள். அளவுகளில் பிழை கிடையாது. அதுதான் ஆத்திரம்.

இதே சோதனை ஆய்வகத்தில் நாம் இருவரும் செய்ததுதானே. சுத்தமான நீருக்குள் லேசரின் சிவப்புக் கதிர் போனதே தெரியவில்லை. ஒரு சொட்டுப் பால் விட்டீர்கள். கோடு எழுந்தது. துகளில் பட்டுச் சிதறினால்தான் ஒளி கண்ணுக்கு வரும் என்றீர்கள். பிறகு சேற்று நீரில் உப்பைக் கரைத்தோம். களிமண் திரண்டு அடியில் உட்கார்ந்தது. கோடு மங்கி மறைந்தது. உப்பு மட்டும் நீரிலேயே இருந்தது. சிதறாமல். தெரியாமல்.

ஆற்றுத் தண்ணீர் கலங்கித்தான் வரும். பண்ணை கடல்நீரைத் திறந்துவிடுவதால் எங்கள் வாய்க்கால் தெளிந்து கிடக்கிறது. உப்பைப் பார்க்கச் சொல்லவில்லை என்பீர்கள். கேட்டதை மட்டும் அளந்தேன் என்பீர்கள்.

சிங்காரவேலு அண்ணன் கையில் ஒரு பாட்டில் வாய்க்கால் தண்ணீர் கொடுத்தனுப்பியிருக்கிறேன். லேசர் வேண்டாம். ஒரு மடக்குக் குடியுங்கள்.

திங்கட்கிழமை பண்ணையைப் பற்றிக் கலெக்டர் விசாரணை. அந்த அறிக்கையை நம்பினால் நிலம் உப்பாகிப் போய்விடும். வந்து, எழுதாமல் விட்டதைச் சொல்லுங்கள். வராவிட்டால் நான் சொல்வேன். யார் மனைவி என்று கேட்டால் அதையும் சொல்வேன்.

"தெரியாம எழுதியிருப்பாரும்மா, நல்ல புள்ள" என்கிறார் அப்பா. நான் மறுக்கவில்லை. திங்கள் வரை மறுக்க மாட்டேன்.

அவர் நினைக்கிறபடியே நீங்கள் இருக்க வேண்டும்.

அம்சவல்லி