ஏழு நாள் மாவு புளித்தது

ஏப்ரல் 20

அன்பு மகள் ட்வைலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடுகளும் சுகம். நீயும் கலிபோர்னியாவில் சுகமாகத்தான் இருப்பாய், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிறவரை. சாப்பிட்டாயா? சாப்பிட்டுவிட்டுப் படி.

ஞாயிற்றுக்கிழமை போனில் மூச்சு வாங்கப் பேசினாயே, எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துக் காமாக் கதிர் பாய்ந்த இடத்தை நம் ஊர் ரேடியோ தொலைநோக்கியில் மார்ச்சிலும் ஏப்ரலிலுமாக இருபது நாள் பார்த்ததாகவும், அதில் எட்டு நாள் ரேடியோ அலை ஏறி ஏறி இறங்கியதாகவும், மாதக் கடைசியில் பெரிய கூட்டத்தில் அதைச் சொல்லப்போவதாகவும். தேதிகளை வாசித்தும் காட்டினாய். நான் பெருமையாகச் சர்ச் காலண்டரில் குறிக்கப் போனேன். மார்ச் மூன்றில் ஏற்கெனவே என் கையெழுத்து இருந்தது, டாலி அம்மாள் அடக்கம், உப்பு ரொட்டி ஆறு. மார்ச் ஏழு, ஐரா பெரியப்பா அடக்கம், ரொட்டி எட்டு. மற்ற தேதிகளையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். சாவு வீட்டுக்கெல்லாம் நான் சுட்டுக்கொடுக்கும் நம் உப்பு ரொட்டி மாவு ஒரே சூட்டில் மணிக்கணக்காகப் புளிக்க வேண்டும், உனக்குத் தெரியாததா. அதற்காக அப்பாவின் முதுகுக்கு வாங்கிய கரன்ட் ஒத்தடப் பையைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தேன். பழைய பை, சூடாகும், அணையும், ஒவ்வொரு முறையும் உள்ளே பொறி தட்டும், அந்தப் பொறியின் இரைச்சலும் தொலைநோக்கிக்கு ரேடியோ அலைதான். மகளே, இந்தக் குளிர்காலத்தில் ஊரில் யார் செத்தாலும் உன் நட்சத்திரம் மினுக்கியிருக்கிறது.

தொலைநோக்கிக்கு இடைஞ்சலான கருவிகளைத் தேடி வண்டியில் சுற்றும் டெல்மாஸ் மார்ச்சில் வந்தான். அவன் வண்டி பாலத்தைத் தாண்டியதுமே வீட்டுக்கு வீடு போன் அடித்து எல்லோரும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவோமே, நானும் பிடுங்கிப் பையைக் கோழிக்கு அடியில் ஒளித்தேன். என்ன அக்கா, எதுவோ செத்துக் கெடக்குற நாத்தம் அடிக்குதே என்றான். மாவுதாம்ப்பா என்றேன். சுட்ட ரொட்டியில் ரெண்டு துண்டு தின்றுவிட்டு, இந்த வீட்டில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனான். அப்பா இப்போதும், பேசாம இரு லவோனா, புள்ள சந்தோஷமா இருக்கா, வானத்துல ஏறி எவன் பாக்கப்போறான் என்கிறார். ஆனால் நம் வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவள் நீ, அத்தனை பேர் நடுவில் எவனாவது எழுந்து, அது உங்க அம்மா சுட்ட ரொட்டிம்மா என்று சிரித்தால் எனக்குத் தாங்காது. போனில் சொல்ல மூன்று முறை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். இன்று காலை பையை டெல்மாஸிடமே கொடுத்து உண்மையைச் சொன்னேன். அவன் நோட்டைத் திறந்து மார்ச்சில் எழுதிய பக்கத்தைத் தேடி எடுத்தான். பிறகு, அக்கா, நான் தின்ன ரெண்டு துண்ட இதுல எங்க எழுதுறது என்றான்.

ஒரு ரொட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன். இந்த முறை மாவு ஆட்டின் வயிற்றோடு ஒட்டிப் புளித்தது. கூட்டத்துக்கு நீலச் சட்டை போட்டுக்கொள், குனிந்து பேசாதே, கர்த்தர் உன் பக்கத்தில் நிற்பார். முக்கியமானதை மறக்கப் பார்த்தேன். காலண்டரில் ஏழு நாள்தான் என்னுடையது. நீ வாசித்த எட்டாவது தேதியான ஏப்ரல் ஒன்பதின் கட்டம் காலியாக இருக்கிறது. அன்று பனிப்புயலில் கம்பி அறுந்து பள்ளத்தாக்கு முழுக்கக் கரன்ட் இல்லை, தொலைநோக்கி மட்டும் ஜெனரேட்டரில் ஓடியது. நான் மாவு வைக்கவில்லை. யாரும் சாகவும் இல்லை. அந்த ஒரு நாளை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.

உன் அம்மா,
லவோனா